வேஷம் கட்டி வந்த நோய்

முத்தாரம்மன் துணை. எதை எழுதினாலும் தலையில் இதைப் போட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். மளிகைச் சீட்டானாலும் அப்படித்தான். இது என் கணவருக்கு வந்த நோயைப் பற்றியது. கேட்கிறவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒருத்தி மூளைக் காய்ச்சல் என்கிறாள். மார்க்கெட்டில் ஒருத்தி செய்வினை என்கிறாள். நான் தாராவி முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். எனக்குப் புரிந்த அளவுக்கு எழுதுகிறேன். யாருக்காவது பயன்பட்டால் அம்மன் புண்ணியம்.

என் பெயர் பேச்சியம்மாள். கணவர் முத்துக்குமார். ரெடிமேட் துணி தைக்கும் காலாவில், அதாவது பட்டறையில், பேக்கிங் வேலை. நூறு சட்டைகளை ஒரு மூட்டையாகக் கட்டி லாரிக்கு ஏற்ற வேண்டும். அவர் கட்டிய மூட்டை கல்கத்தா போனாலும் அவிழாது. எந்த மூட்டையை யார் கட்டியது என்று முடிச்சைப் பார்த்தே சொல்லிவிடுவார். எனக்கு இடக்கைப் பழக்கம். வீட்டில் நான் எதைக் கட்டினாலும் சிரிப்பார். "ஏட்டி, ஊரெல்லாம் தெக்க போனா ஒன் முடிச்சு மட்டும் வடக்க போவுது" என்பார்.

முதல் சந்தேகம் அந்த மூட்டையில்தான் வந்தது. தசராவுக்கு மாலை போட்டு விரதம் இருந்தார். குலசை என்கிற குலசேகரப்பட்டினத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டு வேஷம் கட்டி, காணிக்கை எடுத்துக் கொண்டுபோய்ச் செலுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். அவருக்கு எப்போதும் ராஜா வேஷம். ஊருக்கு ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அந்த நாட்களில் காலா முதலாளி போன் செய்தார். மூட்டை கோடவுன் வாசலிலேயே அவிழ்ந்து சட்டையெல்லாம் சேற்றில் கிடக்கிறதாம். "பாபி, முத்து பீகே ஆதா ஹை க்யா?" என்றார். குடித்துவிட்டு வருகிறாரா என்று கேட்கிறார், அதுவும் மாலை போட்ட மனிதரை.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அன்று சாயங்காலம் அவர் வந்ததும் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் மூச்சை மோந்து பார்த்தேன். வாடை இல்லை. உடம்புதான் கொதித்தது. சாயங்காலமானால் காய்ச்சல், காலையில் ஒன்றுமில்லை. ஒரு கால் செருப்பு மட்டும் ஓரம் தேய்ந்திருந்தது. காலை இழுத்து நடக்கிறார் என்று அப்போதுதான் கவனித்தேன். கேட்டதற்கு "விரதம்லா, அசதி" என்றார்.

ஊருக்குப் புறப்படுவதற்குச் சில வாரம் முன்பு எங்கள் சந்துக் கோயிலில் மேளம் வைத்தார்கள். மேளம் ஏற ஏற அவர் அப்படியே விறைத்து நின்றார். கண் மேலே போனது. வாயிலிருந்து என்னவோ பேச்சு வந்தது. தமிழும் இல்லை, இந்தியும் இல்லை. கூட்டம் குலவை போட்டது. இதுவரை அவருக்கு அருள் வந்ததே இல்லை. அவருடைய அக்கா பொன்னுத்தாய், எனக்கு மயினி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து விட்டார்.

"எம்மா தாயே, எம் மவனுக்கு எப்பம் கலியாணம் முடியும், ஒரு வாக்கு சொல்லு தாயே!"

நான் விழவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேருக்கு அருள் வந்து பார்த்திருக்கிறேன். உடம்பு முழுக்க ஆடும். திருநீறு பூசினால் அடங்கும். இவருக்கு வாய் ஒரு பக்கம் மட்டும் இழுத்தது. ஒரு கை தொங்கியது. திருநீறு பூசியும் அடங்கவில்லை. வேட்டி நனைந்தது.

"மயினி, வாயப் பாருங்க, ஒரு பக்கமா இழுக்கு. இது அம்மா இல்ல."

"ஏ பேச்சி, அம்மாளையே சந்தேகப்படுதியே, ஒன் நாக்கு அழுவிப் போவும்."

"அம்மா வந்தா வேட்டியிலயா ஒண்ணுக்குப் போவ வைப்பா? ஆட்டோவக் கூப்பிடுங்க."

அம்மன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அம்மன் பெயரில் வேறு எதுவோ உள்ளே வந்திருக்கிறது என்றுதான் சந்தேகம்.

பக்கத்து நர்ஸிங் ஹோமில் பக்கவாதம் என்றார்கள். தலையை ஸ்கேன் எடுத்து, பெரிதாக ஒன்றும் இல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தும் காய்ச்சல் விடவில்லை. பக்கவாதத்துக்கு ஏன் தினமும் காய்ச்சல் வருகிறது என்று அங்கே கேட்டதற்கு, அது வைரல், இது வேறு என்றார்கள். ஓர் ஆளுக்கு ஒரே சமயத்தில் இரண்டு நோய் வர அவர் என்ன பாவம் செய்தார்? எனக்கு அந்தப் பதில் ஒட்டவில்லை. மகள் ஜெயா வேலைக்கு லீவ் சொல்லிவிட்டு வந்து, அவரை மாட்டுங்கா பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே காத்திருப்பதே ஒரு வேலை. கேஸ் பேப்பர் போட ஒரு வரிசை, இரத்தம் கொடுக்க ஒரு வரிசை, கொடுத்த இரத்தத்தின் ரிப்போர்ட்டுக்கு ஒரு வரிசை. நான் ஒவ்வொரு குப்பியிலும் ஒட்டிய பெயரை ஜெயாவைப் படிக்கச் சொல்லிக் கேட்பேன். "அம்மா, அவங்க மாத்த மாட்டாங்க" என்பாள். "மாத்த மாட்டாங்கன்னு ஒனக்கு யாரு சொன்னா? படி" என்பேன். நர்ஸ்கள் எனக்குப் போலீஸ் அம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் வைத்தார்கள். பிறகு அவர்களே குப்பியை என்னிடம் காட்டிவிட்டுப் போனார்கள்.

இரத்தத்தில் எல்.டி.எச். என்ற ஒன்று மிக ஏறியிருந்தது. உடம்பில் எங்கேயோ அணுக்கள் உடைந்து சாகும்போது அது கூடுமாம். எங்கே என்றால் தெரியவில்லை. முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அந்த ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் விழுந்துவிடும் என்று வார்டில் ஒரு அம்மாள் சொன்னார். நான் அன்று முழுக்க அவருடைய கால் விரல்களைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன். விழவில்லை. அந்த நீரில் காசநோய் இல்லை, கிருமி இல்லை. எல்லா ரிப்போர்ட்டும் இல்லை, இல்லை என்றே வந்தது. ஆள் மட்டும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனார்.

ஒரு நாள் காலையில் சாயா ஆற்றிக் கொடுத்தேன். வாங்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லாத்தான் கட்டியிருக்க."

"எதங்க?"

"வேஷத்த. அசப்புல எம் பொண்டாட்டி மாதிரியே இருக்கு. மூக்குத்தி கூட அதே மாதிரி. யாரு அனுப்புனா ஒன்ன?"

முதலில் விளையாட்டு என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என் கையால் தண்ணீர் குடிக்கவில்லை. ஜெயாவை அடையாளம் தெரிந்தது, மயினியைத் தெரிந்தது. என்னை மட்டும் வேஷம் என்றார். "அந்தப் பொம்பளைய வெளிய போவச் சொல்லு ஜெயா, என்னமோ கலந்து குடுக்கா" என்று மகளிடம் ரகசியமாகச் சொல்வார். நான் ரசம் சாதத்தைப் பிசைந்து கொடுத்துவிட்டுத் திரைக்கு வெளியே நிற்பேன். மயினி ஊட்டுவார். மயினி என்னைத் திட்டுகிறவர்தான். ஆனால் அந்த நாட்களில் ஊட்டி முடித்து வெளியே வந்ததும், "முழுசாத் தின்னுட்டான் பேச்சி, உப்பு சரியா இருந்துச்சாம்" என்று மட்டும் சொல்வார். அதுவே எனக்கு அன்றைய சோறு.

அதன் பிறகு எம்.ஆர்.ஐ. காந்தத்தை வைத்து மூளையைப் படம் எடுப்பது. உடம்பில் குண்டூசி அளவு உலோகமும் இருக்கக் கூடாது. அவருடைய மோதிரத்தைக் கழற்றினேன், துளசி மாலையின் வெள்ளிக் கோர்ப்பையும் கழற்றினேன். டெக்னீஷியன் இடுப்பைத் தடவிப் பார்த்தார். அரைஞாண் கயிறு. அதில் வெள்ளித் தாயத்து. கயிறு இறுகிக் கிடந்தது, முடிச்சு அவிழவில்லை. கத்தரிக்கோலை எடுத்தார்.

நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். எங்கள் ஆட்களிடம் அரைஞாணை அறுப்பது ஒரே ஒரு சமயத்தில்தான். குளிப்பாட்டிப் பாடையில் வைக்கும்போது.

"அரே தாயி, காட்னா படேகா, நைதோ மெஷின் கீஞ்ச் லேகா" என்றார். அறுக்காவிட்டால் மெஷின் இழுத்துவிடும் என்கிறார். வெளியே வரிசை நின்றது. அவருக்கும் கோபம். பேஷண்ட்டை வெளியே தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். மயினிக்கு அதுவே போதுமாக இருந்தது.

"அம்மா காட்டிக் குடுக்கா பாத்தியா? வேண்டாங்கா. டிக்கெட் இன்னும் கையிலதான் இருக்கு. குலசைக்குக் கொண்டுபோயி அம்மா முன்னால மாலையக் கழத்துனா எல்லாம் சரியாப் போவும்."

எனக்கும் அழைத்துக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றியது. பொய் சொல்லவில்லை. ஆனால் ரயிலில் இரண்டு பகல், இந்த நிலையில் ஆள் தாங்குமா என்பதும் சந்தேகம். ஸ்ட்ரெச்சரைப் பிடித்தபடி நின்றபோதுதான் நினைவு வந்தது. வருஷா வருஷம் கயிறு மாற்றும்போது நாங்கள் பழையதை அவிழ்த்துவிட்டுப் புதியதைக் கட்டுவதில்லை. முதலில் புதியதைக் கட்டி, அதன் பிறகுதான் பழையதை எடுப்போம். இடுப்பு ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது. அப்படியென்றால் இப்போதும் கட்டலாமே. கயிறுதானே, உலோகம் இல்லையே.

ஜெயாவை ஓடவிட்டேன். ஆஸ்பத்திரி வாசல் பூக்கடையில் கறுப்புக் கயிறு வாங்கி வந்தாள். நான் கட்டப் போனபோது அவர் திமிறினார். "தொடாத, நீ யாரு என் இடுப்புல கயிறு கட்ட?" என்றார். ஜெயா கையைப் பிடித்துக்கொள்ள, அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே கட்டி முடித்தேன். கண்ணைத் துடைக்கக்கூட நேரமில்லை. அதன் பிறகு டெக்னீஷியனைப் பார்த்து, "இப்பம் அறுங்க" என்றேன். அவர் புதிய கயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, பழையதை மெதுவாக, சதையில் படாமல் அறுத்து, தாயத்தோடு என் உள்ளங்கையில் வைத்தார்.

படத்தில் மூளை முழுக்கச் சின்னச் சின்ன அடைப்புகள். சில பழையது, சில புதியது. மாத்திரை சாப்பிடும்போதே புதியது வந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் இரத்த நோய் டாக்டர் அம்மா வந்தார். மராத்திக்காரர், சின்ன வயது, மெலிந்த உருவம். அவர் சொல்வதை ஜெயா எனக்குத் தமிழில் சொன்னாள்.

"அப்பாவோட வயித்துலயும் தொடையிலயும் மேல் கையிலயும் கொஞ்சம் தோல் வெட்டி எடுத்துப் பாக்கணுமாம்மா."

"தோலுலயா? தோலுல ஒரு பொட்டுப் புண்ணு கெடையாதே. நோயி மண்டைக்குள்ள, வெட்டுறது வயித்துலயா?"

எனக்கு உடனே சந்தேகம். இது படிக்கிற பிள்ளைகள் இருக்கிற ஆஸ்பத்திரி. ஏழைகள் உடம்பில் பழகுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கேட்டே விட்டேன். ஜெயா அதை மொழிபெயர்க்க மாட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லு" என்றேன். சொன்னாள்.

டாக்டர் கோபப்படவில்லை. ஒரு பேப்பரை எடுத்து மெல்லிய குழாய்களை வரைந்தார். சாதாரணமாகப் புற்று அணு ஒரு இடத்தில் கூடிக் கட்டியாக வளரும். கையில் தட்டுப்படும், ஸ்கேனில் தெரியும். லிம்போமா என்பது இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகைக்கு வரும் புற்று. அதிலும் அரிதாக ஒன்று உண்டு. அந்த அணுக்கள் வெளியே வந்து கட்டியாகாமல், நூல் போன்ற இரத்தக் குழாய்களுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு அடைக்கும். மூளைக் குழாயில் அடைத்தால் பக்கவாதம் போலத் தெரியும், புத்தி பேதலிக்கும். கூடவே காய்ச்சல் வரும். தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பிலும் அதே மாதிரிக் குழாய்கள் இருக்கின்றன. பார்வைக்கு நல்ல தோலாக இருந்தாலும் உள்ளே ஒளிந்திருக்கலாம். மண்டையைத் திறப்பதைவிட அங்கே தேடுவது லேசு.

"நிச்சயமா அதுதானான்னு கேளு" என்றேன்.

ஜெயா கேட்டாள். டாக்டர் என்னை நேராகப் பார்த்துச் சொன்னார். மகள் சொல்வதற்கு முன்பே எனக்கு அந்த இந்தி புரிந்தது. நிச்சயம் இல்லை, சந்தேகம்தான். பக்கவாதம் என்றால் காய்ச்சல் ஏன், கிருமி என்றால் ரிப்போர்ட்டில் ஏன் இல்லை, எதுவுமே பொருந்தவில்லை, அதனால்தான் சந்தேகப்படுகிறேன் என்றார். எடுக்கிற தோலில் ஒன்றும் கிடைக்காமலும் போகலாம் என்றார்.

அதுவரை பார்த்த எல்லாரும் நிச்சயமாகப் பேசினார்கள். இவர் ஒருவர்தான் எனக்கு வந்த சந்தேகத்தையே தானும் படுகிறார். ஆனாலும் உடனே கையெழுத்துப் போடவில்லை. மயினி, பூக்கட்டிப் பார்ப்போம் என்றார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் முன் போட்டு, ஒன்றை எடுத்து உத்தரவு கேட்பது. நான் வேண்டாம் என்றேன். என் மனம் எனக்குத் தெரியும். வெள்ளை வந்தால் மயினி மடித்த விதத்தைச் சந்தேகப்படுவேன், சிவப்பு வந்தால் என் கையைச் சந்தேகப்படுவேன். மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். "தாயே, எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். நான் தப்பாப் போனா மட்டும் மறி" என்றேன். மறிக்கவில்லை. போய்க் கையெழுத்துப் போட்டேன்.

எடுக்கும்போது பக்கத்தில் நிற்பேன் என்றேன். நிற்கவிட்டார்கள். மரத்துப் போக ஊசி போட்டு, பெல்ட்டில் ஓட்டை போடுகிற பஞ்ச் மாதிரி ஒன்றால் அமுக்கித் திருகினார்கள். தோல் பட்டறைகள் நிறைந்த தாராவியில் பிறந்தவளுக்குப் பஞ்ச் புதிதா? ஆனால் அது தோல் பை இல்லையே. ஒவ்வொன்றுக்கும் தையல் போட்டார்கள். பட்டாணி அளவு சதை மூன்று குப்பியில் போனது. மூன்றிலும் பெயரைப் படிக்கச் சொன்னேன்.

ரிப்போர்ட் வர நாளானது. மயினி என்னோடு பேசவில்லை. ஊருக்குப் போகும் ரயில் எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. ஒரு நாள் டாக்டர் அம்மா வேகமாக வந்தார். மேல் கையில் எடுத்ததில் ஒன்றுமில்லை. வயிற்றிலும் தொடையிலும் எடுத்ததில் குழாய்க்குள்ளே அந்த அணு. இன்ட்ராவாஸ்குலர் லிம்போமா என்று பெயர் சொன்னார். புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்ததும் ஜெயா அழுதாள். மயினி சுவரோடு சாய்ந்துவிட்டார். என் மனம் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டது. ஆள் யாரென்று தெரியாமல் வீட்டுக்குள் ஒளிந்திருந்த திருடனைப் பார்த்துவிட்ட மாதிரி.

கீமோ மருந்துகளும், அந்த அணுவை மட்டும் தேடிப் பிடிக்கும் ஒரு மருந்தும் சேர்த்துப் பாட்டிலில் ஏற்றினார்கள். மூளைக்குப் போய்ச் சேர வேறொரு மருந்து. வாயெல்லாம் புண். முடி தலையணையில் கிடந்தது. செலவைப் பற்றி எழுதப் போவதில்லை. என் காது மூளியாக இருப்பதைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். குடித்துவிட்டு வருகிறாரா என்று கேட்ட காலா முதலாளியே பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்து அவர் காலடியில் பழத்தை வைத்துவிட்டுப் போனார்.

காய்ச்சல் முதலில் போனது. பேச்சு கொஞ்சம் தெளிந்தது. ஆனால் என்னை மட்டும் அடையாளம் தெரியவில்லை. நோய் போகிறது, என் கணவர் திரும்பி வருகிறாரா என்பதுதான் என் சந்தேகம். டாக்டரைக் கேட்டேன். மூளையில் செத்த இடம் செத்ததுதான், மிச்சம் எவ்வளவு என்று பார்க்கலாம் என்றார்.

இரண்டாவது முறை மருந்து ஏற்றிய பிறகு ஒரு மத்தியானம். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் திரைக்கு வெளியே. அவர் கை சட்டைக்குள் போய் இடுப்பைத் தடவியது. கயிற்றை இழுத்து முன்னால் கொண்டு வந்தார். குனிந்து முடிச்சைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இத யாரு கட்டுனா?"

மயினி வாயைத் திறப்பதற்குள் நான் உள்ளே போய்விட்டேன். "நாந்தாங்க."

"பொய் சொல்லாத. இது பேச்சி கட்டுனது. இடக்கை முடிச்சு. வடக்க போவுது பாரு." வாசல் பக்கம் பார்த்தார். "அவ வந்தாளா? வந்துட்டு என்னப் பாக்காமயா போயிட்டா?"

 பக்கத்தில் பூக்கடைக் கயிற்றில் மிச்சம் ஒரு துண்டு பையில் கிடந்தது. எடுத்தேன். கட்டில் கம்பியில் சுற்றி, அவர் கண் முன்னாலேயே இடக்கையால் முடிச்சுப் போட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, விரலையே பார்த்தார். முடிச்சு இறுகியதும் அதைத் தொட்டார். இடுப்பில் இருந்ததைத் தொட்டார். அதன் பிறகுதான் மெதுவாகத் தலையை நிமிர்த்தினார்.

"ஏட்டி பேச்சி." என் மூக்குத்தியை, காதைப் பார்த்தார். "கம்மல எங்கட்டி? எப்பம் வந்த?"

"இப்பந்தாங்க வந்தேன்" என்றேன். மயினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மருந்து முடிந்து, உடம்பு முழுக்க எடுத்த ஸ்கேனில் இப்போது ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் அம்மா சிரித்தார். ஆனால் போய்விட்டது என்று சொல்லவில்லை, தெரியவில்லை என்றுதான் சொன்னார். எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கும். இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். காய்ச்சலும் புத்தித் தடுமாற்றமும் சேர்ந்து வந்து ஒரு பதிலும் பொருந்தாமல் இருந்தால், சாமியென்றும் வயதென்றும் விட்டுவிடாதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.

கால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. சாமான் பெயர் சில மறந்துபோகும். காலாவுக்கு அரை நாள் போகிறார். இந்தத் தசராவுக்குக் குலசைக்குப் போய் விட்டுப்போன நேர்த்திக்கடனைச் செலுத்த வேண்டும். ராஜா வேஷத்துக்கான துணிமணியை மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறார். நான் போய் முடிச்சை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன்.

"என்னட்டி, இன்னுமா சந்தேகம்?"

"ஆமா" என்றேன். முடிச்சு அசையவில்லை. இருந்தாலும் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.